நுரையீரல் நிபுணரைக் காணச் செல்லும் அங்கத்தினர் கவனத்திற்கு

நூல் வழங்கும் பதிவேடு ஓர் அங்கத்தினரின் உடல்நிலையையும் எடுத்துக்காட்டும் என்பதை, ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது நான் அறிந்தேன். ஐம்பது வயதைக் கடந்த தறிக்காரர் ஒருவர் தவறாமல் பாவு பெற்று, தவறாமல் சேலைகளை ஒப்படைத்து வந்தவர். ஓராண்டில் அவருடைய உற்பத்தி முக்காற்பங்காகக் குறைந்தது. மறு ஆண்டில் பாதியாயிற்று. அதன் பின்னர் ஒரு பாவை அறுத்து முடிக்கவே மாதங்கள் பல ஆயின. கூலிக் கணக்கில் முன்பணம் மட்டும் ஏறிக்கொண்டு போயிற்று. காரணம் கேட்டபோது, "அவருக்கு இளைப்பு சார், வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்று மேலாளர் விடை கூறினார்.

வைத்தியம் பார்த்தது மெய்தான். முதலில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை உட்கொண்டார். சளியில் கிருமி காணப்படவில்லை. எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலைக் கொண்டே சிகிச்சை நடந்தது. அதனால் பயன் இல்லாமற் போகவே ஆஸ்துமா என்று உறிஞ்சு மருந்து கொடுக்கப்பட்டது. பிறகு வேறொருவர், "நெசவுக்காரர் அல்லவா, பஞ்சுத் தூசிதான்" என்று முடிவு கட்டினார். இவ்வாறு இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. இறுதியாக ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய் நிபுணர் ஒருவர் அவரை அமரவைத்து அரை மணி நேரம் கேள்விகளாகக் கேட்டார். அவற்றுள் ஒன்று, "வீட்டில் புறா வளர்க்கிறீர்களா?" என்பது.

அவர் வளர்த்து வந்தார். தறிக்கூடத்தை அடுத்த பரணில் முப்பதுக்குக் குறையாத புறாக்கள் இருந்தன. நாள்தோறும் காலையில் கூண்டைப் பெருக்கி, உலர்ந்த எச்சத்தை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் தறியில் இறங்குவார். எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் ஆண்டுக் கணக்கில் மூச்சோடு உட்சென்றன. உடல் அவற்றைப் பகையென்று கொண்டு எதிர்த்து வந்தது. அந்தப் போரில் நுரையீரலே புண்பட்டுத் தழும்பேறியிருந்தது. அதுவரை அவரைப் பார்த்தவர்களுள் ஒருவரும் புறாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று அவருக்கு எவ்வாறு தெரியும்?

அதைத் தெரிவிப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். படித்தும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் அங்கத்தினருக்குப் பயன்படும் அளவில் கூறுகிறேன்.

நுரையீரலுக்குள் முப்பது கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் சுவரும், நாம் அறிந்த எந்த மெல்லிய நூலிழையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. அச்சுவரின் ஒரு புறம் காற்று, மறு புறம் இரத்தம். பிராணவாயு அதனூடே கடந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமாவில் காற்று செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. காசநோயில் கிருமி நுரையீரலை அரிக்கிறது. நாம் ஈண்டுப் பேசும் நோய்களிலோ அந்தச் சுவரே அழற்சியுற்றுத் தடித்து, நாளடைவில் தழும்பாகி விறைத்துப் போகிறது. மெல்லிய மல் துணி மேலும் மேலும் கஞ்சி ஏறி அட்டைபோல் ஆவதை எண்ணிப் பாருங்கள். காற்று உள்ளே சென்றாலும் பிராணவாயு இரத்தத்தை அடைவது குறைந்துவிடுகிறது. நுரையீரலும் முன்போல் விரிவதில்லை. இவ்வகை நோய்களை டாக்டர்கள் 'இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்' என்றும், சுருக்கமாக ஐ.எல்.டி. என்றும் வழங்குகின்றனர். இது ஒரு நோயன்று. இருநூறுக்கு மேற்பட்ட நோய்களின் தொகுதி. அவற்றுள் பல தனித்தனியே அரியவை. ஊர் டாக்டர் ஒருவர் தம் ஆயுளில் சில நோயாளிகளையே கண்டிருக்கக்கூடும். எனவே அவர் உடனே கண்டுகொள்ளவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது. குறிப்பிட்ட காலத்திற்குப் பின்னும் குணம் தெரியாதபோது மேலிடத்திற்கு அனுப்பாமல் இருப்பதுதான் குறை. அனுப்பியும் போகாமல் இருப்பது நம்முடைய குறை.

அறிகுறிகள் மெதுவாகவே வருகின்றன. சளியில்லாத வறட்டு இருமல் மாதக் கணக்கில் நீடிக்கும். உட்கார்ந்திருக்கையில் தொல்லை இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கினால், மாடி ஏறினால், வரப்பில் விரைந்து நடந்தால் மூச்சு வாங்கும். "வயதாகிவிட்டது" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உடல் இளைக்கும். சிலருக்கு விரல் நுனிகள் பருத்து, நகங்கள் கிளிமூக்குப்போல் வளைந்துவிடும். டாக்டர் முதுகின் கீழ்ப்பகுதியில் குழாய் வைத்துக் கேட்டால், காலணிகளில் உள்ள ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கும்போது எழுவதைப் போன்ற ஒலி, மூச்சை உள்ளிழுக்குந்தோறும் கேட்கும். அந்த ஒலியை ஒரு முறை கேட்ட டாக்டர் எளிதில் மறப்பதில்லை என்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் முதலில் செய்ய வேண்டியது காசநோய்ச் சளிப் பரிசோதனையே. காசநோய் இந்நாட்டில் இந்த அரிய நோய்களைவிட மிகப் பரவலானது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குச் சிகிச்சை இலவசம். முறையாக மருந்துண்டால் குணமாகும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் காசநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. பரிசோதனையில் கிருமி இல்லை, மருந்துண்டும் மூச்சிரைப்பு தணியவில்லை என்னும் நிலையில்தான் நிபுணரை நாடும் கேள்வி எழுகிறது.

நம் நாட்டில் இந்நோய்கள் எவ்வளவு உள்ளன? 2012 முதல் 2015 வரை 19 நகரங்களில் 27 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பதிவேடு எடுத்தன. அதன் முடிவுகள் 2017 ஆம் ஆண்டில் வெளியாயின. புதிதாகக் கண்டறியப்பெற்ற ஐ.எல்.டி. நோயாளிகள் 1,084 பேர் அதில் இடம் பெற்றனர். அவர்களுள் 513 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 47 பேருக்கு, இருந்தது 'ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ்' என்னும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. நம் தறிக்காரருக்கு வந்ததும் இதுவே. இந்த 513 பேருள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர்கூலர் என்னும் நீர்க் குளிரூட்டியைப் பயன்படுத்தியவர்கள். ஈரமாகவே கிடக்கும் அதன் வைக்கோல் தட்டிகளில் பூசணம் படர்ந்து, அந்த நுண்துகள்கள் காற்றோடு அறை முழுவதும் வீசப்படுகின்றன என்று கருதப்படுகிறது. இது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கேயன்றி நாட்டு மக்கள் அனைவருடைய கணக்கு அன்று. எனினும் இவ்வகை நோயாளிகளுள் பெரும்பகுதியினருக்குக் காரணம் வீட்டிலோ தொழிலிடத்திலோ இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

காரணம் கிடைக்காத வகையும் உண்டு. அதற்கு 'இடியோபதிக் பல்மனரி பைப்ரோசிஸ்' என்று பெயர். காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பு நோய் என்று சொல்லலாம். பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்களுக்கும் அதற்கு மேற்பட்ட வயதினருக்கும் வருகிறது. ஆண்களுக்கும், புகை பிடித்தவர்களுக்கும் மிகுதி. முற்றிய ஒவ்வாமை அழற்சியும் இந்தத் தழும்பு நோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவே தோன்றலாம். இருமலும் இரைப்பும் ஒன்றே. ஆயின் சிகிச்சை ஒன்றன்று. இதை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் கொள்ளல் வேண்டும்.

ஒவ்வாமை அழற்சியில் தழும்பு விழுவதற்கு முன்னர் காரணப் பொருளை விலக்கி, தேவைப்பட்டால் ஸ்டிராய்டு மருந்தைச் சில காலம் கொடுத்தால் பலர் நலமடைகின்றனர். அதே ஸ்டிராய்டைத் தழும்பு நோய்க்கும் பல்லாண்டுகள் கொடுத்து வந்தார்கள். அதனுடன் அசதயோப்ரின், அசிட்டைல்சிஸ்டீன் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு காலத்தில் நல்ல வைத்தியமாகவே எண்ணப்பட்டது. அமெரிக்காவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்து 2012 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மருந்தும் உண்ட 77 பேருள் 8 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்ட 78 பேருள் ஒருவரே இறந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட நேர்ந்ததும் முன்னவர்களுக்கே அதிகம். ஆதலால் அந்த மருந்துக் கூட்டைச் சோதனையின் நடுவிலேயே நிறுத்திவிட்டனர். ஒரு நோயில் உதவும் மருந்து மற்றொரு நோயில் உயிருக்கே ஊறு செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. "எந்த இளைப்பாக இருந்தால் என்ன, மருந்துதானே" என்று ஊரில் யாரோ சொன்ன ஸ்டிராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவோர் இதைக் கேட்க வேண்டும். நிபுணரிடம் போவது பெரிய மருந்து வாங்குவதற்காக அன்று. நோய்க்குச் சரியான பெயர் வைப்பதற்காக.

பெயர் வைக்க அவர் பயன்படுத்தும் முதற் கருவி கேள்வி. இத்தாலி நாட்டில் பெர்னார்டினோ ரமாஸினி என்னும் வைத்தியப் பேராசிரியர் 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியின் வீட்டிற்குச் சென்றால் முக்காலியில் ஆயினும் அமர்ந்து, வழக்கமான கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேள் என்று அவர் பிற வைத்தியர்களுக்கு அறிவுறுத்தினார். தானியம் அளப்போரும் சலிப்போரும் தூசியினால் இருமித் துன்புறுவதையும் அந்நூலில் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்வி மறக்கப்படுகிறது.

பயிரிடுவோருக்கு நேரும் ஒவ்வாமை அழற்சிக்கு 'உழவர் நுரையீரல்' என்றே பெயர். இங்கிலாந்தின் வெஸ்ட்மார்லாண்டு பகுதியில் பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு வந்த நோயை கேம்ப்பெல் என்னும் டாக்டர் 1932 ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தார். சரியாக உலராமல் அடுக்கிய புல் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டை விரும்பும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. போரைப் பிரிக்கும்போது அவை வெண்புகைபோல் கிளம்புகின்றன. அந்நுண்ணுயிர்களே இந்நோய்க்கு மூலம் என்பதை பெப்பிஸ் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும் 1963 ஆம் ஆண்டில் காட்டினர்.

இந்நோயின் நடத்தை விசித்திரமானது. போர் பிரிக்கும்போது ஒன்றும் தெரியாது. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல். ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும். விஷக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறோம். மறுபடியும் போர் பிரிக்கும் நாளில் மறுபடியும் காய்ச்சல் வரும். இந்த முறை வருகையைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே, எக்ஸ்ரே சொல்லாது. சிலருக்கோ காய்ச்சலே இல்லாமல் சிறிது சிறிதாக நாள்தோறும் உட்சென்று நேரே தழும்பில் கொண்டுபோய் விடும். நம் தறிக்காரருக்கு நேர்ந்தது அதுதான்.

மழையில் நனைந்த வைக்கோல், பூசணம் பிடித்த கடலைக்கொடி, மக்கிய தீவனம், காளான் வளர்க்கும் கூடத்தின் எரு, நாட்பட்டுக் குவிந்த கரும்புச் சக்கை ஆகிய எல்லாவற்றையும் இந்த வரிசையில் சேர்த்து எண்ணலாம். கரும்புச் சக்கைக்கென்றே 'பகாஸோசிஸ்' என்ற தனிப்பெயர் உண்டு. அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்திலிருந்து 1941 ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார்கள்.

நெசவாளர் செய்தி சற்றே வேறு. பஞ்சுத் தூசியால் வரும் 'பிஸினோசிஸ்' பெரும்பாலும் பஞ்சாலையில் பஞ்சை உடைத்துச் சிக்கெடுக்கும் பகுதிகளில் உழைப்போருக்கு வருவது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் மிகுவது அதன் அடையாளம். அது காற்றுக் குழாய்களைப் பற்றிய நோய். காற்றறைச் சுவர் தழும்பேறுவதன்று. ஆகவே கைத்தறிக்காரரின் ஒவ்வோர் இளைப்பையும் பஞ்சின் தலையில் சுமத்துவது பிழை. ஆயினும் கஞ்சியையும் சாயத்தையும் மறந்துவிடலாகாது. பாவுக்கு ஏற்றும் புளியங்கொட்டை மாவின் தூசியால் இங்கிலாந்தில் ஓர் ஆலையின் நெசவாளர்களுக்கு இருமலும் இரைப்பும் பரவியதை 1957 ஆம் ஆண்டில் அங்குள்ள தொழில் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. நம் புளியமரத்துக் கொட்டையைப் பற்றி ஆங்கிலேய டாக்டர்கள் ஆராய வேண்டியதாயிற்று! அதைவிடக் கொடியது ஸ்பெயின் நாட்டில் அல்காய் நகரைச் சுற்றி 1992 ஆம் ஆண்டில் நடந்தது. துணியில் சாயக் கலவையைத் தெளிப்பான் கொண்டு தெளித்து அச்சிடும் சிறு பட்டறைகளில் உழைத்தவர்கள் நுரையீரல் அழற்சியுற்றனர், அறுவர் உயிரிழந்தனர். அந்தக் கலவை தோலில் பட்டால் பெரிய தீங்கில்லை என்று கருதப்பட்டது. நுண்துளியாகிக் காற்றறைக்குள் சென்றபோது அது நஞ்சாயிற்று. ஆதலால் "சாயம் பூசுகிறேன்" என்று சொல்வது போதாது. கையால் தோய்க்கிறேனா, தூரிகையால் பூசுகிறேனா, தெளிக்கிறேனா என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, நிபுணரைக் காணும் நாளைப் பற்றிப் பார்ப்போம். போவதற்கு முன் வீட்டில் அமர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். இருமல் எந்த மாதம் தொடங்கியது, முன்பு எவ்வளவு தூரம் நிற்காமல் நடந்தீர்கள், இப்போது எவ்வளவு என்பதை முதலில் குறிக்க வேண்டும். பின்னர் சிறு வயது முதல் செய்த தொழில்கள் அனைத்தையும் எழுதுக. நெசவுக்கு முன் இரண்டாண்டு கல் உடைக்கும் இடத்தில் இருந்திருந்தால் அதையும் எழுதுக; கல் தூசியின் தழும்பு வேலையை விட்டுப் பல்லாண்டு கழித்தும் தலைகாட்டும். வீட்டில் புறா, கிளி, கோழி உண்டா, பக்கத்து வீட்டில் உண்டா, இறகுத் தலையணை உண்டா, கூலர் உண்டா, சுவரில் ஈரம் ஊறிப் பூசணம் பூத்துள்ளதா, அடுப்பு விறகா என்பவற்றையும் சேர்த்துக்கொள்க. வெளியூர் சென்று ஒரு வாரம் தங்கியபோது இருமல் தணிந்ததுண்டா என்பது மிக முக்கியமான செய்தி.

மூட்டு வீக்கம், காலையில் விரல் மடங்காமை, வாய் உலர்தல், குளிரில் விரல் வெளுத்தல் ஆகியவற்றை "இது வேறு வியாதி" என்று ஒதுக்கிவிடாதீர்கள். முடக்குவாதம் போன்ற நோய்கள் நுரையீரலையும் தாக்குவதுண்டு. சில சமயம் மூட்டுக்கு முன் நுரையீரலில் தோன்றுவதும் உண்டு. உண்டு வந்த மருந்துகளின் அட்டைகளையெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். இருதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், மூத்திரத் தாரைக் கிருமிக்குக் கொடுக்கும் நைட்ரோபுரண்டாயின், மூட்டுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் முதலியவை சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கின்றன. நாட்டு மருந்து உண்டிருந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடுவது நம்மவர் செய்யும் பெரும் தவறு. மூன்றாண்டுக்கு முன் எடுத்த படம் கிடைத்தால், நோய் எவ்வளவு விரைவில் வளர்கிறது என்பது அரை நிமிடத்தில் புலப்படும். எத்தனை செலவு செய்து புதுப் படம் எடுத்தாலும் அதைச் சொல்லாது.

பரிசோதனைகளுள் தலையாயது மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. படம். மூச்சை இழுத்து அடக்கச் சொல்லியும், முழுவதும் வெளியே விட்டு அடக்கச் சொல்லியும் எடுப்பார்கள். சொன்னபடி செய்தால்தான் படம் பயன்படும். அடுத்து ஊதும் பரிசோதனை. நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்கிறது என்பதையும், காற்று இரத்தத்திற்கு எவ்வளவு கடந்து செல்கிறது என்பதையும் தனித்தனியே அளப்பார்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனை பார்வைக்கு விளையாட்டுப்போல் இருக்கும். விரலில் கவ்விய சிறு கருவியோடு தாழ்வாரத்தில் நடக்கச் சொல்வார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தவருக்குப் பிராணவாயு அளவு சரியாகவே காட்டும், நடந்தால்தான் இறங்கும். பல அங்கத்தினர்கள் "அளந்து பார்த்தார்கள், சரியாக இருக்கிறதாம்" என்று திரும்பிவிடுவது உட்கார்ந்த நிலையில் அளந்ததை நம்பித்தான். தேவைப்பட்டால் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவிய நீரையோ, சிறு சதைத் துணுக்கையோ எடுத்துச் சோதிப்பார்கள். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. ஏன் வேண்டும், என்ன ஆபத்து, அதனால் சிகிச்சை மாறுமா என்று தயங்காமல் கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரே நிபுணர் தனியே முடிவு செய்வதைக் காட்டிலும், நெஞ்சக நோய் டாக்டர், படம் பார்க்கும் டாக்டர், சதைத் துணுக்குப் பார்க்கும் டாக்டர், வேண்டுமானால் மூட்டுவாத நிபுணர் ஆகியோர் ஒன்றுகூடி ஆலோசித்து முடிவு செய்வதே சிறந்தது என்பது இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. மேலே சொன்ன பதிவேட்டிலும் அம்முறையே கையாளப்பட்டது. நிர்வாகக் குழுவில் ஒருவர் தவற விட்டதை மற்றொருவர் பிடிப்பதை அறிந்த நமக்கு இது புதிய தத்துவம் அன்று. எனவே "என் படங்களைக் குழுவில் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சிகிச்சையைப் பற்றி மெய்யைச் சொல்லிவிட வேண்டும். விழுந்த தழும்பை அகற்றும் மருந்து இன்றளவும் இல்லை. பிர்பெனிடோன், நிண்டெடானிப் என்னும் இரு மருந்துகள் தழும்பு வளரும் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றை அமெரிக்க அரசு 2014 ஆம் ஆண்டில் தழும்பு நோய்க்கு அங்கீகரித்தது. ஒவ்வாமை அழற்சி முதலிய பிற வகைகளிலும் தழும்பு வளர்ந்துகொண்டே போனால் நிண்டெடானிப் பயன்படும் என்பது 2019 இல் வெளியான ஆராய்ச்சியால் தெரிந்தது. இவற்றை உண்பவர் தமக்கு ஒன்றும் நலம் தெரியவில்லையே என்று நிறுத்திவிடுவது இயல்பு. மருந்தின் வேலை இறக்கத்தைத் தடுப்பது, ஏற்றத்தைத் தருவது அன்று என்பதை முதலிலேயே விளங்கிக்கொண்டால் அந்தத் தவறு நேராது. பிர்பெனிடோன் உண்போருக்கு வெயில் பட்டால் தோல் கருகிச் சிவக்கும்; வயலில் உழைப்பவர் இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நிண்டெடானிப் வயிற்றுப்போக்கு உண்டாக்கலாம். இரண்டிற்கும் அவ்வப்போது கல்லீரல் இரத்தப் பரிசோதனை வேண்டும். தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, புகையிலையை விடுதல், தேவையானால் வீட்டில் பிராணவாயுக் கருவி ஆகியனவும் சிகிச்சையின் பகுதிகளே. தகுதி உள்ள சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்கிறார்கள். அதற்கும் காலம் கடக்குமுன் பெயர் பதிய வேண்டும்.

எங்கே செல்வது? ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு. காசநோய்க்கென்றே அமைந்த பிரிவு என்று அதை எண்ணி ஒதுங்குவது தவறு. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928 இல் தொடங்கிய காசநோய் சானடோரியம் இன்று அரசினர் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக விளங்குகிறது. கொங்குப் பகுதியினருக்குப் பெருந்துறையில், பழைய சானடோரியம் இருந்த இடத்திலேயே, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் பலர் அறிந்தவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை வைத்திருப்போர், தம் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அதில் இடமுண்டா என்பதை ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளல் நலம். நாள்தோறும் வீட்டில் உண்ணும் மாத்திரையின் செலவே பெருஞ்சுமை. விலை குறைந்த வகை எது என்றும் அரசு மருந்தகத்தில் கிடைக்குமா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. அங்கத்தினரின் தொழில் விவரத்தை, பயன்படுத்தும் கஞ்சிப் பொருள், சாயப் பொருள் ஆகியவற்றின் பெயரோடு, சங்கத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். நிபுணருக்கு அது பெரிதும் உதவும். பூசணம் கண்ட நூலை வழங்காமல் திருப்பி அனுப்பலாம். வைக்கோலை நன்கு உலர்த்தி மேட்டில் போர் போடுவதும், கெட்டுப்போன போரை நீர் தெளித்துக் காற்றின் போக்கறிந்து பிரிப்பதும் பயிரிடுவோர் அறிந்தவையே, செய்வதுதான் குறைவு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் இந்த நுண்தூசி நிற்பதில்லை. இதற்கென உள்ள தடித்த முகமூடியே ஓரளவு காக்கும். நோய் வந்துவிட்டவருக்கு முகமூடியும் போதாது. அவர் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பொது நல நிதியிலிருந்து பயணச் செலவுக்கு உதவ விதிகள் எந்த அளவுக்கு இடந்தரும் என்பதை நிர்வாகக் குழு ஆராயலாம். நான் பார்த்த வரையில், ஏழை அங்கத்தினர் நிபுணரிடம் செல்லாமைக்குக் காரணம் டாக்டர் கட்டணம் அன்று. இரண்டு நாள் தறி நின்றால் கூலி போய்விடும் என்ற அச்சமே காரணம்.

நம் தறிக்காரர் தம் புறாக்களை ஊருக்கு அப்பாலுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த அன்று உண்ணவில்லை என்று அவர் மனைவி சொன்னார். பரணைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தது அவருடைய மகன். அவரை அந்தப் பக்கம் விடவில்லை. ஸ்டிராய்டு சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு நின்றது. இரண்டரை ஆண்டில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்குப்பின் எடுத்த இரண்டு படங்களிலும் அது வளரவில்லை. சென்ற முறை நான் ஆய்வுக்குச் சென்றபோது பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பாவை முன்பு எடுத்துக்கொண்ட நாளைப்போல் இரு மடங்கு நாளில் அறுத்து ஒப்படைத்திருக்கிறார். முன்பணத்தில் முந்நூறு ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது.